அல்மாட்டியா, உல்கியா: கஜக் மேய்ச்சல் வாழ்வைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கஜக் மக்களின் மேய்ச்சல் மரபை நேரில் பார்க்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் தேடுவது அல்மாட்டிக்கு விமானம் எப்போது என்பதைத்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. கஜக் மக்களின் பெயரால் அமைந்த நாடு கஜகஸ்தான், அதன் மிகப் பெரிய நகரம் அல்மாட்டி. ஆனால் அதே மொழி பேசி, அதே வட்டக் கூடாரத்தில் குடியிருக்கும் கஜக் மக்கள் மங்கோலியாவின் மேற்கு முனையிலும் இருக்கிறார்கள். அங்கே 1940-இல் அமைந்த பயான்-உல்கி மாகாணத்தில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் கஜக்குகள். அதன் தலைநகர் உல்கி. ஆகவே இரண்டில் எது என்ற கேள்வி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நான் ஒரு மே மாதத்தில் அல்மாட்டியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஏழு நாள் பார்த்தேன். அடுத்த முறை பதினான்கு நாள் விடுப்பு கிடைத்தபோது, கஜகஸ்தானிலேயே அஸ்தானாவும் துர்கிஸ்தானும் போகலாம் என்று மனைவி சொன்னதை ஏற்காமல், செப்டம்பரில் உல்கிக்கு அழைத்துச் சென்றேன். அந்த முடிவை எடுத்தவன் எழுதும் ஒப்பீடு என்பதால் இது நடுநிலையாக இருக்காது.

போய்ச்சேரும் வசதியில் போட்டியே கிடையாது. டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 14 நாள்கள் வரை விசா இல்லாமலே தங்கலாம். கைக்கடிகாரத்தில்கூட அரை மணி நேரம்தான் மாற்ற வேண்டும். உல்கிக்கு நாங்கள் முன்கூட்டியே மங்கோலிய விசா எடுத்து, சியோல் வழியாக மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தர் போய், ஓர் இரவு தங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் மேற்கே பறந்தோம். சாலையில் போவதென்றால் சுமார் 1,600 கிலோமீட்டர். ஒன்றரை நாளுக்கு மேல் பேருந்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், தினமும் குளித்தாக வேண்டும் என்பவர்களுக்கும் நான் தயங்காமல் அல்மாட்டியைத்தான் சொல்வேன். சைவ உணவுக்காரர்களுக்கும் அப்படியே. அல்மாட்டியில் இந்திய உணவகம் கிடைக்கும். உல்கியைத் தாண்டிய மலைப்புறத்தில் இறைச்சியை விலக்கினால் மிஞ்சுவது மாவு, உருளைக்கிழங்கு, பால், வெண்ணெய்.

இயற்கைக் காட்சிகளில் இரண்டும் சளைத்தவை அல்ல. அல்மாட்டிக்குக் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் சாரின் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் கொல்சாய் ஏரிகள், 1911 நிலநடுக்கத்தின்போது மலை சரிந்து உருவான காயிந்தி ஏரியில் தண்ணீருக்கு மேல் மொட்டையாக நிற்கும் ஊசியிலை மரங்கள். உல்கிப் பக்கம் 4,374 மீட்டர் உயரமுள்ள ஹூய்த்தென் சிகரமும், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளும் பொத்தானின் பனியாறும், 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பாறைச் செதுக்கல்களும். காட்சி மட்டுமே வேண்டும் என்றால் செலவும் அலைச்சலும் குறைந்த அல்மாட்டியே போதும்.

வேறுபாடு மேய்ச்சல் வாழ்வில்தான் இருக்கிறது, அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சோவியத் ஆட்சி கஜகஸ்தானில் மந்தைகளைப் பறித்துக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்து, இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களை வலுக்கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தியது. அதைத் தொடர்ந்து 1930 முதல் 1933 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கஜக்குகள். கால்நடைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. ஆடு மாடு போனபின் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு என்ன அவசியம் இருக்கிறது? அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அல்தாய் மலையைத் தாண்டி மங்கோலியப் பக்கம் வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய உல்கி கஜக்குகள். மங்கோலியாவிலும் கூட்டுப் பண்ணை முறை வந்தது. ஆனால் பருவத்துக்குப் பருவம் மேய்ச்சல் நிலம் மாறும் வழக்கத்தை அது ஒழிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் மந்தைகள் மீண்டும் குடும்பங்களின் கைக்கு வந்தபோது, இடம் மாறும் பழக்கம் அறுபடாமல் இருந்தது.

இந்த வரலாறு கண்ணுக்குத் தெரியும். மே மாதத்தில் அல்மாட்டிக்கு வெளியே எங்களை ஒரு கூடார விடுதிக்கு அழைத்துப் போனார்கள். வேலைப்பாடு அசலானது. நடுத்தூண் இல்லாமல், வளைந்த கம்புகள் மேலே ‘ஷங்கிராக்’ என்னும் மர வளையத்தில் வந்து செருகி நின்றன. கஜகஸ்தானின் அரசுச் சின்னத்தில் இருப்பதும் இந்த வளையம்தான். சூடான பௌர்சாக் அப்பமும் தேநீரும் வந்தன. ஆனால் குனிந்து பார்த்தால், கூடாரம் வட்டமாகப் பூசிய ஒரு சிமெண்டு மேடையின் மீது நின்றது. அந்தக் கூடாரம் எங்கும் போகாது. மாலை ஐந்து மணிக்குப் பரிமாறியவர்கள் உடை மாற்றிக்கொண்டு நகரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வேலை. நான் பார்க்க வந்தது அது இல்லை, அவ்வளவுதான்.

இனி இந்தத் தேர்வைத் தீர்மானிக்கும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன்: உங்களுக்கு எந்த மாதத்தில் விடுப்பு கிடைக்கும் என்பது. அல்மாட்டியில் மாதம் மாறினால் மலையின் நிறம்தான் மாறும். அருங்காட்சியகமும், தொம்பிரா இசையும், சிமெண்டு மேடைக் கூடாரமும் பெரும்பாலும் எப்போதும் இருக்கும். உல்கியில் மாதம் மாறினால் வீடே மாறிவிடும். அங்குள்ள மேய்ச்சல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு நான்கு இருப்பிடங்கள் உண்டு: வசந்தத்துக்கு கோக்தேவ், கோடைக்கு ஜைலாவ், இலையுதிர் காலத்துக்கு கூஸேவ், குளிருக்கு கிஸ்தாவ். இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக் கிடையை ஓட்டிச் செல்வதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். அங்கே வயலுக்குப் பதில் புல்லும் பனியும் கணக்கை முடிவு செய்கின்றன. கூடாரம் பெரும்பாலும் நிற்பது ஜைலாவில்தான், அதாவது ஏறக்குறைய ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. குளிர்கால இருப்பிடம் மண்ணும் மரமும் கல்லும் வைத்துக் கட்டிய சாதாரண வீடு.

பலர் ஏமாந்து திரும்புவது இதை அறியாமல்தான். உல்கி என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது, கையில் பொன்னிறக் கழுகை ஏந்திக் குதிரையில் அமர்ந்திருக்கும் வேட்டைக்காரர், பின்னால் ஒரு கூடாரம். இந்த இரண்டும் ஒரே பயணத்தில் அமைவது அரிது. கோடையில் கழுகு இறகு உதிர்க்கிறது. வேட்டைக்கு எடுத்துச் செல்லாமல் தீனி போட்டு ஓய்வில் விட்டுவிடுவார்கள். இலையுதிர் காலத்தில்தான் அதன் எடையைக் குறைத்து, கண்மூடித் தொப்பியான ‘தொமகா’வைப் போட்டு, மீண்டும் கைக்குப் பழக்குவார்கள். உண்மையான நரி வேட்டை பனி விழுந்தபின், நவம்பருக்கு மேல். புகழ்பெற்ற கழுகுத் திருவிழா அக்டோபரின் முதல் வார இறுதியில் நடக்கிறது. அந்த நேரத்தில் பெரும்பாலான குடும்பங்கள் கூடாரத்தைச் சுருட்டிவிட்டுக் குளிர்கால வீட்டுப் பக்கம் இறங்கியிருக்கும். ஆகவே ஜூலையில் போனால் கூடாரமும் குதிரைப்பால் குமிஸும் உண்டு, பறக்கும் கழுகு இல்லை. அக்டோபரில் போனால் கழுகு உண்டு, கூடாரம் அபூர்வம். பயண ஏற்பாட்டாளர்கள் இதை மறைப்பதில்லை. ஆனால் நாம் கேட்காமல் அவர்களாகச் சொல்வதும் இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் உல்கிக்குப் போவது வீண். அது குட்டி ஈனும் காலம். குளிர்காலத்தைத் தாண்டி வந்த மந்தை எலும்பும் தோலுமாக இருக்கும், காற்றும் புழுதியும் ஓயாது, திடீரென்று பனியும் கொட்டும். அந்த வேலை நெருக்கடியில் விருந்தினரைக் கவனிக்க யாருக்கும் பொழுது இருக்காது. ஆனால் அல்மாட்டிக்கு மே மிக நல்ல மாதம். அடிவாரப் புல்வெளி முழுவதும் பச்சை, மலையுச்சியில் பனியும் மிச்சம் இருக்கும். குழந்தைகளுடன் அந்த விடுமுறையில்தான் போக முடியும் என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, கஜகஸ்தானுக்கே போகலாம்.

நாங்கள் செப்டம்பர் நடுவில் போனோம். அது இரண்டுங்கெட்டான் காலம் என்று எச்சரித்தார்கள். எனக்கு அதுவே கைகொடுத்தது. நாங்கள் தங்கிய குடும்பம் மூன்றாம் நாள் இடம் மாறப் போவதாக முந்தின இரவு சொன்னது. காலையில் எழுந்தபோது குதிரைகளின் முதுகில் உறைபனி படிந்திருந்தது. முதலில் உச்சியை மூடியிருந்த துண்டை இழுத்தார்கள், பிறகு கூரைக் கம்பளிகள், அதன்பின் சுவர்க் கம்பளிகள். வீட்டின் எலும்புக்கூடு மட்டும் நின்றது; அதற்குள் அடுப்பும் பெட்டிகளும் வெட்டவெளியில் இருப்பதுபோல் தெரிந்தன. அந்த வீட்டம்மா பூவேலை செய்த சுவர்த்துணியைத் தானே மடித்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. அவருடைய கணவர் கவட்டைக் கோலால் ஷங்கிராக்கைத் தாங்கிப் பிடிக்க, மகன்கள் சுற்றி நின்று கூரைக் கம்புகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். கடைசியில் வளையம் மெல்ல இறங்கியது. அதன் உட்புறம் முழுவதும் புகையேறிக் கறுத்திருந்தது. தந்தையின் வீடு கடைசி மகனுக்குப் போகும் என்பது கஜக் வழக்கம். அந்த வீட்டைக் கறுத்த ஷங்கிராக் என்றே அழைக்கிறார்கள். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பு ஒட்டகத்தில் ஏற்றியதை இப்போது சின்ன லாரியில் ஏற்றினார்கள். லாரி போனபின் புல்லில் வெளிறிய மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் கிடந்தது. நான் அங்கே போன செலவு அந்த இரண்டு மணி நேரத்திலேயே எனக்குக் கழிந்துவிட்டது.

தேநீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாலும் உப்பும் சேர்ந்த தேநீரைக் கேசே என்னும் சிறு கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றித் தருவார்கள். கஞ்சத்தனம் என்று முதல் நாள் நினைத்தேன். நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருளாம். குறைவாக ஊற்றினால் இன்னும் பலமுறை ஊற்ற ஆசைப்படுகிறார்கள் என்று பொருள். எட்டாவது கிண்ணத்தை மறுப்பது எப்படி என்பதை ஓட்டுநர் சொல்லிக்கொடுத்தார்: கிண்ணத்தின் வாயைக் கையால் மூட வேண்டும்.

உல்கியின் உண்மையான செலவு தங்குமிடம் அல்ல, வண்டி. நகரத்தை விட்டு வெளியே போகப் பொதுப் போக்குவரத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. புர்கோன் எனப்படும் பழைய ரஷ்ய வேன் அல்லது ஜீப் போன்ற பெரிய வண்டி, ஓட்டுநருடன், நாள் வாடகைக்கு எடுத்தாக வேண்டும். பெட்ரோலை அது குடிக்கும் வேகம் தனி. இரண்டு பேராகப் போனால் கையைக் கடிக்கும், நான்கு பேரானால் தாங்கும். சீன, ரஷ்ய எல்லையை ஒட்டிய மலைப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதை உல்கியில் வாங்கித் தருவதும் ஓட்டுநர் அல்லது ஏற்பாட்டாளரின் வேலை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இதைவிட முக்கியமானது கையிருப்பு நாள். எங்கள் திரும்பும் விமானம் காற்றினால் ஒரு நாள் தள்ளிப்போனது. விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தவர் நாளை காலை வாருங்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உலான்பாத்தரில் இரண்டு நாள் இடைவெளி விட்டிருந்ததால் தப்பித்தோம். பதினான்கு நாளில் பயணத்துக்கும் காத்திருப்புக்குமாக ஐந்து நாள் கரைந்தது. மலையில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது நாள். பத்து நாளுக்குக் குறைவான விடுப்பு என்றால் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

கஜகஸ்தானுக்கு நியாயம் செய்ய வேண்டும். மிகப் பெரிய தேசம் அது, பரப்பில் உலகில் ஒன்பதாவது. நான் பார்த்தது தென்கிழக்கு மூலையில் ஏழு நாள் மட்டும், அதுவும் மே மாதத்தில். அல்மாட்டியிலிருந்து ஒரே நாளில் போகக்கூடிய அஸ்ஸி மேட்டு நிலத்துக்கு இன்றும் கோடையில் மந்தைகளை ஓட்டிச் செல்கிறார்கள். மே மாதத்தில் அந்தப் பாதை சேறாக இருந்ததால் எங்களால் போக முடியவில்லை. ஜூலையில் அங்கே போனவர் ஒருவர் என் சிமெண்டு மேடைக் கதையைக் கேட்டுச் சிரித்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். மரபின் பழமையை அறிய விரும்புகிறவர்களுக்குக் கஜகஸ்தானில் கிடைப்பதில் பாதிகூட உல்கியில் கிடைக்காது. 1969-இல் இஸ்ஸிக் கல்லறை மேட்டில் கிடைத்த, ‘பொன் மனிதன்’ என்று அழைக்கப்படும் பழங்காலத்தவரின் உடை, தம்கலிப் பாறைச் செதுக்கல்கள், சூஃபி ஞானி அகமது யசாவிக்குத் தைமூர் துர்கிஸ்தானில் கட்டுவித்த அடக்கத்தலம் என்று அது நீளும். உலக நாடோடி விளையாட்டுகளும் 2024-இல் அஸ்தானாவில் நடந்தன. ஒரு மரபைப் பெருமையோடு மீட்டுக் காட்டும் நாடு என்ற வகையில் அது பார்க்க வேண்டிய இடம்தான். மொழியில் மட்டும் எனக்கு ஒரு சிறு ஏமாற்றம்: அல்மாட்டிக் கடைகளில் நான் கேட்டதில் பாதிக்கு மேல் ரஷ்ய மொழி, உல்கிச் சந்தையில் காய் விற்பவர் முதல் காவலர் வரை கஜக் மொழியில்தான் பேசினார்கள்.

மறுபடியும் போவதாக இருந்தால் உல்கிக்கே போவேன், ஆனால் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில். செப்டம்பரில் நாங்கள் சென்றடைந்தபோது குதிரைப்பால் கறப்பு ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. வீட்டம்மா தோல் பையின் அடியில் மிஞ்சியிருந்ததைத்தான் எங்களுக்கு ஊற்றித் தந்தார். அஸ்தானா, துர்கிஸ்தான் கடன் இன்னும் பாக்கி. அதை மகளின் மே மாத விடுமுறையில் தீர்ப்பதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.