ஸ்டார்ட்அப் பட்டியலும் நானும்: எட்டு வருஷக் கணக்கு

லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். அப்படியொரு காலம் இருந்தது. திரும்பி வந்தால் டெஸ்க்டாப் வந்திருக்கும், ஆனால் பேருக்குத்தான். பிரௌசரைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. வைரஸ் என்றே நினைத்தேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகக் கிளம்பும் புரோகிராம்களைக் காட்டும் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பதினேழு புரோகிராம்கள் வரிசையில் நின்றன. எப்போதோ கைமாறிப் போன பிரிண்டருக்கான மென்பொருளும் அதில் ஒன்று.

விண்டோஸ் 7 வரை இவற்றை நிறுத்த எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவி இருந்தது. விண்டோஸ் 8-இல் பட்டியல் டாஸ்க் மேனேஜருக்குக் குடிபெயர்ந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். வேண்டாததை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுத்தால் முடிந்தது. புரோகிராம் அழிவதில்லை, தானாகக் கிளம்புவது மட்டும் நிற்கிறது.

முதல் நாளே பதினொன்றை நிறுத்தினேன். வேகம் கூடியது நிஜமா, மனப்பிரமையா என்று சந்தேகம் வந்தது. விண்டோஸில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்றொரு பதிவேடு உண்டு. அதில் 100 என்ற எண்ணுள்ள பதிவுதான் பூட் ஆக, அதாவது கிளம்பித் தயாராக, எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை மில்லிசெகண்டில் சொல்கிறது. முந்தைய வாரம் 1,42,000-ஐ ஒட்டி நின்றது, அதன் பிறகு 80,000-க்குள் வந்தது. கண்ணால் பார்ப்பதைவிட இதை நம்பலாம்.

அந்தப் பட்டியலில் இம்பாக்ட் என்றொரு பத்தி இருக்கிறதே, அதை ஆரம்பத்தில் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு புரோகிராம் கிளம்பும்போது சிபியுவை 1 செகண்டுக்கு மேல் பிடித்தாலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ 'ஹை' என்று குத்திவிடுவார்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் அது பாரம்தான். அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டியில் 3 எம்பி எந்த மூலைக்கு? எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு அந்தப் பத்தியை நான் பார்ப்பதே இல்லை. இது எனக்கு வேண்டுமா என்பது மட்டும்தான் கேள்வி.

நிறுத்தினால் நின்றுவிடுமா என்றால், அங்கேதான் பிரச்சினை. சில புரோகிராம்கள் அப்டேட் ஆகும்போது வேறு பெயரில் பட்டியலுக்குள் நுழைகின்றன. விண்டோஸுக்கு அது புது ஆள், பழைய தடை செல்லாது. அதனால் இப்போதெல்லாம் முதலில் அந்தப் புரோகிராமின் சொந்த செட்டிங்ஸில் போய் அணைத்துவிட்டுத்தான் டாஸ்க் மேனேஜருக்கு வருகிறேன். இன்னும் சில இந்தப் பட்டியலிலேயே வராது. டாஸ்க் ஷெட்யூலரில் 'லாகின் ஆகும்போது' என்று ஒரு வேலையைப் போட்டுவைத்திருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் சர்வீஸாக ஓடும்.

அவற்றைப் பிடிக்க ஆட்டோரன்ஸ் என்றொரு கருவி. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும், விண்டோஸ் கருவிகளை வெளியிட்டுவந்த தங்கள் சிஸ்இன்டர்னல்ஸில் உருவாக்கியது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. இலவசம், இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை. முதல்முறை திறந்தால் தலை சுற்றும், அத்தனை வரிகள். மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கும் வசதியைப் போட்டதும் பட்டியல் சுருங்கியது. மஞ்சளாகத் தெரிந்த வரிகள், கோப்பே இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சியவை. பிரிண்டர் பேயின் கடைசி எச்சத்தை அங்கேதான் பார்த்தேன். டிக்கை எடுத்தால் போதும், டிலீட் வேண்டாம். திரும்பப் போட வழி இருக்கட்டும்.

அந்த உற்சாகத்தில்தான் தவறும் நடந்தது. ஃபைல்களை இணையத்தில் சிங்க் செய்யும் புரோகிராமையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். வேண்டும்போது கையால் திறந்துகொள்ளலாம் என்று எண்ணம். திறக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு ஃபைலைத் திறந்து, அது பழைய பிரதி என்று தெரியாமல் திருத்தங்கள் செய்து சேமித்தேன். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பேக்கப், சிங்க், ஆன்டிவைரஸ் மூன்றையும் அதற்குப் பிறகு தொட்டதில்லை.

இன்னொன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆன் ஆகியிருக்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்கரு முழுதாக மூடாமல், இருந்த நிலையை டிஸ்கில் சேமித்து ஹைபர்னேட் ஆகித்தான் கிடக்கிறது. டாஸ்க் மேனேஜரில் அப்டைம், அதாவது விண்டோஸ் தொடர்ந்து ஓடிய நேரம், பாருங்கள், தினமும் அணைத்தும் நாள்கணக்கில் ஏறியிருக்கும். சர்வீஸிலோ டிரைவரிலோ கை வைத்தால் ரீஸ்டார்ட் கொடுத்துத்தான் பலனைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

இப்போது எதை நிறுத்தினாலும் தேதியோடு ஒரு நோட்பேட் ஃபைலில் குறித்துவைக்கிறேன். என்ன கெட்டுப்போனாலும் முதலில் அதைத்தான் திறப்பேன். இன்று தானாகக் கிளம்புபவை ஐந்து: ஆன்டிவைரஸ், சிங்க், பேக்கப், தமிழ் கீபோர்டு, ஆடியோ டிரைவரோடு வந்த ஒரு கன்ட்ரோல் பேனல். கடைசியதை ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். ஹெட்ஃபோனைச் செருகியும் சத்தம் ஸ்பீக்கரிலேயே வந்தது, அதுவும் ஒரு மீட்டிங் நடுவில். ஃபைலில் அதன் எதிரே 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது.