டியூன் செய்த டர்போ வண்டி இழுக்கவில்லையா? பிளக், லாக், சோப்புத் தண்ணீர், டைனோ: எதில் தொடங்குவது

பர்லியார் தாண்டி குன்னூரை நெருங்கும்போதுதான் முதலில் உறைத்தது. மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிற வண்டி, அன்று ஆள் நிறைந்த வேன் மாதிரி அமுங்கியது. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. புகை இல்லை, மிஸ்ஸிங் இல்லை. 3500 ஆர்பிஎம்முக்கு மேல் போனால் மட்டும் மூச்சு வாங்கியது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் மாற்றாமல் என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில், இழுவை குறைந்த வண்டிக்கு என்னென்ன வழி உண்டோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். வரிசை தப்பாகப் பார்த்ததால் காசும் நாளும் போனது. அந்த வரிசை இன்னொருவருக்குத் தப்பக்கூடாது என்றுதான் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. டியூன் செய்த வண்டியின் சோர்வும் கம்பெனி மேப்பில், அதாவது வண்டியோடு வந்த மென்பொருளில், ஓடுகிற வண்டியின் சோர்வும் ஒன்றல்ல. கம்பெனி மேப் 0.7 பார் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) கேட்கும் இடத்தில் ரீமேப் 1.2 பார் கேட்கும். 0.7க்குத் தாக்குப்பிடித்த ஹோஸ் கிளாம்ப் 1.2க்கு வாய் திறக்கும். தீப்பொறி தாண்டிய பிளக் இடைவெளியை, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடியதும் தாண்ட முடியாது. பழுது பழையதாகவே இருக்கும், மேப் அதை வெளியே கொண்டுவந்திருக்கும். ஆகவே "டியூன் பண்ணினதாலதான் போச்சு" என்று முடித்துவிடுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

பாகம் மாற்றிப் பார்ப்பது

எல்லோரும் முதலில் போகிற வழி இது, நானும் போனேன். பிளக் நாலு, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் நாலு, பிறகு உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சார். கூலியோடு 18,000 ரூபாய். வண்டி அப்படியேதான் இருந்தது.

ஆனாலும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். உதறல் இருந்தால், அதாவது மிதிக்கும்போது டக் டக்கென்று வெட்டினால், பிளக்கில் தொடங்குவதுதான் சரி. டியூன் செய்த வண்டியில் பிளக்கின் ஆயுள் குறைவு. 0.8 மி.மீ. இடைவெளியை 0.6, 0.7க்குக் குறைத்தாலே பல வண்டிகளில் உதறல் நின்றுவிடும். காயில்மேல் சந்தேகம் என்றால் புதிதாக வாங்கவே வேண்டாம். இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில் போடுங்கள். ஸ்கேனரில் பி0302 என்று வந்த பழுதுக் கோடு (கடைசி எண்தான் சிலிண்டர் எண்) பி0303 என்று மாறினால் அந்தக் காயில்தான் குற்றவாளி. இதற்குச் செலவு பத்து நிமிடம்.

என் வண்டியில் உதறலே இல்லை. மெழுகு மாதிரி வழவழப்பாக ஏறி, ஏறாமல் நின்றது. வழவழப்பான சோர்வுக்குப் பிளக் மாற்றுவது வயிற்று வலிக்குக் கண்ணாடி மாற்றுவதைப் போல. அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

லாக் எடுப்பது

லாக் என்றால், வண்டி ஓடும்போது என்ஜின் கம்ப்யூட்டர் காட்டும் எண்களைப் பதிவு செய்வது. என் கணிப்பில் முதல் இடம் இதற்குத்தான். பழுதான பாகத்தை இது கையில் எடுத்துத் தராது. எந்தத் திசையில் தேட வேண்டும் என்று சொல்லும், எந்தத் திசையில் தேட வேண்டாம் என்றும் சொல்லும். எனக்கு மிச்சமாகியிருக்க வேண்டிய காசு அந்த இரண்டாவதில்தான் இருந்தது.

மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து 6000 வரை முழுதாக மிதித்து ஒரு ஓட்டம் போதும். ஆனால் அதற்குள் வேகம் 130ஐத் தொட்டுவிடும், பொதுச் சாலையில் செய்கிற காரியம் இல்லை. நான் செட்டிப்பாளையம் கரி ட்ராக்கில் ஒரு ட்ராக் நாளில் எடுத்தேன். இரண்டாம் கியரில் எடுத்தால் வேகம் குறையும், ஆனால் டர்போ முழு அழுத்தத்துக்கு வருவதற்குள் ஆர்பிஎம் தீர்ந்துவிடும்.

பார்க்க வேண்டியவை: ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) கேட்கிற பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கு ஈசியு தரும் கட்டளை, சதவீதத்தில்), ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) எவ்வளவு பின்வாங்குகிறது, உள்ளே வரும் காற்றின் வெப்பம், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்).

கேட்டதும் வந்ததும் ஒன்றாக இருந்து, கேட்டதே குறைவாக இருந்தால் ஈசியு எதற்கோ பயந்து அடக்கி வாசிக்கிறது. வெப்பமாக இருக்கலாம், நாக்கிங்காக (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) இருக்கலாம், கியர்பாக்ஸ் தாங்கும் டார்க் (முறுக்கு விசை) வரம்பாகவும் இருக்கலாம். பூஸ்ட் சரியாக வந்து, நாலு சிலிண்டரிலும் டைமிங் 6, 7 டிகிரி பின்வாங்கினால் பெட்ரோலைப் பாருங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றினால் இதுதான் நடக்கும். சித்திரை வெயிலில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறிக் கிடந்தாலும் இதேதான். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகப் பின்வாங்கினால் அந்தச் சிலிண்டரின் பிளக், இன்ஜெக்டர், வால்வில் படிந்த கரி என்று போக வேண்டும். ரெயில் பிரஷர் கேட்ட அளவுக்கு வராமல் மேல் ஆர்பிஎம்மில் சரிந்தால் பெட்ரோல் பம்ப். கேட்டதைவிட வந்தது குறைந்து, வேஸ்ட்கேட் டியூட்டி 95 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால், டர்போ தன்னால் ஆனதையெல்லாம் செய்தும் அழுத்தம் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

என் லாக்கில் 4000 ஆர்பிஎம்மில் கேட்டது 2150 மில்லிபார் (வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து), வந்தது 1780. டியூட்டி 95. 18,000 ரூபாய்க்குக் கிடைக்காத பதில் அந்த ஒரு வரியில் இருந்தது.

லாக் எடுக்கும் கருவியிலும் தரம் உண்டு. 500, 1000 ரூபாய்க்குக் கிடைக்கிற ஈஎல்எம்327 டாங்கிள் பழுதுக் கோடு பார்க்க நன்றாக உதவும். பூஸ்ட் பார்க்க அதை நம்பாதீர்கள். எல்லா வண்டிக்கும் பொதுவான ஓபிடி முறையில் மேனிஃபோல்ட் அழுத்தம் (என்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம்) ஒரே ஒரு பைட்டில், அதாவது 0 முதல் 255 வரையான எண்ணாக, வருகிறது. 255 கிலோபாஸ்கலுக்கு மேல் அதனால் காட்டவே முடியாது. அதாவது வெளிக்காற்றுக்கு மேல் சுமார் 1.5 பாரோடு முடிந்துவிடும், பெரிய டர்போ போட்டவர்களுக்கு அங்கே வரைகோடு தட்டையாகிவிடும். வினாடிக்கு ஓரிரு முறைதான் எண் வருவதால் சரிவு தொடங்கும் இடமும் தெரியாது. ஈசியு கேட்கும் பூஸ்ட் பெரும்பாலும் அதில் வராது, அது இல்லாவிட்டால் ஒப்பிட எதுவுமில்லை. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிக்கு விசிடிஎஸ், ஓபிடிலெவன் போல, அந்தந்த வண்டியின் மொழி தெரிந்த கருவி வேண்டும். வாங்க முடியாவிட்டால் வைத்திருப்பவரிடம் ஒருநாள் கேளுங்கள்.

லாக்கைத் தப்பாகப் படிக்கவும் வாய்ப்புண்டு. இந்த எண்களெல்லாம் முழு அழுத்தம், வெளிக்காற்றையும் சேர்த்தது. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் கோவையில் 965 மில்லிபார் அளவில் காட்டும், ஊட்டியில் 775ஐ ஒட்டி. அதே 2150ஐ எட்ட கோவையில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் 2.8 மடங்கு அழுத்த வேண்டும். மலையில் ஈசியுவே கொஞ்சம் குறைத்துக் கேட்பதும் உண்டு. என் வண்டியின் நோய் மலையில் முதலில் தெரிந்ததற்குக் காரணம் இதுதான், மலையில் எடுத்த லாக்கை வைத்து டர்போவைக் குறை சொல்லக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். இன்னொன்று இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இ10க்கு எழுதிய மேப்பில் அதை ஊற்றினால் ஃபியூயல் ட்ரிம் (கலவையைச் சரிசெய்ய ஈசியு கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) மூன்று நாலு சதவீதம் தானாகவே மேலே போகும். அதைப் பார்த்துக் காற்றுக் கசிவு என்று ஓட வேண்டாம்.

புகையா, சோப்புத் தண்ணீரா

கசிவு என்று தெரிந்த பிறகு ஓட்டை எங்கே என்று லாக்கால் சொல்ல முடியாது. நான் வண்டியை விட்ட ஒர்க்‌ஷாப்பில் புகை மிஷின் இருந்தது. இன்டேக் குழாய்க்குள் புகையை அனுப்பி, எங்கே வெளிவருகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பார்த்தார்கள், எங்கேயும் வரவில்லை. "லீக் இல்ல சார், டர்போதான் வீக், மாத்திடலாம்" என்றார்கள். டர்போவின் விலையைக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, கருவிக்கு எல்லை இருந்தது. புகை மிஷின் தரும் அழுத்தம் 0.1 பார் கூட இருக்காது. ஐடிலில் மிஸ் ஆகிற வேக்குவம் கசிவு, கிழிந்த பிரீதர் குழாய் போன்றவற்றுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் 1 பாருக்கு மேல் மட்டும் வாய் திறக்கிற ஜாயின்ட்டைப் புகையால் திறக்க முடியாது.

ஊருக்கு வெளியே நான் எப்போதும் காற்றுப் பிடிக்கிற பஞ்சர் கடை அண்ணனிடம் போனேன். ஹார்டுவேர் கடையில் வாங்கிய பிவிசி மூடியில் ஓட்டை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தியிருந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, டர்போவுக்குள் போகும் குழாயின் வாயில் அந்த மூடியை கிளாம்ப் போட்டு இறுக்கினோம். "டியூபுக்கு வெக்கிற மாதிரிதானே தம்பி" என்று கம்ப்ரஸரைத் திறந்தார். 0.3, 0.5, 0.8 என்று மெதுவாக ஏற்றினோம். 0.8 வரை எதுவும் இல்லை. 1 பாரைத் தொட்டபோது பம்பருக்குக் கீழே உஸ்ஸென்று ஒரு சத்தம். சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். இன்டர்கூலரிலிருந்து வெளியே வரும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்புக்கு ஒரு விரல் தள்ளி, குமிழி குமிழியாகப் பொங்கியது. அந்த இடத்தில் மட்டும் ஹோஸில் எண்ணெய் கசிந்து புழுதி அடையாக ஒட்டியிருந்தது. கையை வைத்து அழுத்தினால் சத்தம் நின்றது, விட்டால் வந்தது.

இதைச் செய்கிறவர்கள் மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் கல்லெறி மாதிரி வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மேப் கேட்கிற பூஸ்டைத் தாண்டி ஏற்றாதீர்கள். ஆயில் மூடிப் பக்கம் லேசாகக் காற்று வந்தால் பதற வேண்டாம். கிரான்க்கேஸ் வழியாகவும் வால்வுகள் வழியாகவும் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

ஏர் மாஸ் சென்சார் அளவை நம்பி பெட்ரோல் ஊற்றுகிற வண்டியாக இருந்திருந்தால் இந்த ஓட்டை கரும்புகையாகவே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். எண்ணப்பட்ட காற்று வெளியே போய்விடும், அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே வரும். என் வண்டி, அந்தச் சென்சார் இருந்தும், மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்து பெட்ரோல் ஊற்றுகிற ரகம். கலவை சரியாகவே இருந்தது, டர்போதான் இரண்டு மாதமாக மூச்சிரைக்கச் சுழன்றது. புகை இல்லை, எனவே கசிவு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது இதனால்தான் தப்பாகப் போனது.

ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் மாற்றிய பிறகு எடுத்த லாக்கில் கேட்டது 2150, வந்தது 2120. டியூட்டி 70க்கு இறங்கியிருந்தது.

கம்பெனி மேப்புக்குத் திரும்புவது, டைனோ

கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றிப் பார் என்று பலர் சொல்வார்கள். என் மாதிரிக் கசிவில் இது ஏமாற்றும். அழுத்தம் குறைந்ததும் ஜாயின்ட் மூடிக்கொள்ளும், வண்டி சரியாகிவிடும், பழி மேப் மேல் விழும். மேப் போட்ட அன்றே தொடங்கிய குறைக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

டைனோவை, அதாவது வண்டியை ஏற்றி ஓட்டிச் சக்தியை அளக்கும் மிஷினை, நோய் கண்டுபிடிக்கும் கருவியாக நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து வருவார்கள். சக்கரத்தில் எவ்வளவு வருகிறது என்று அது சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. ஒரு டைனோவின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது. முன்னால் வைக்கிற ஃபேன், அறையின் வெப்பம், எந்தக் கரெக்‌ஷன் முறை (வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் கணக்கு) என்பதைப் பொறுத்து எண் மாறும். டர்போ வண்டியில் ஈசியுவே காற்றழுத்தக் குறைவை ஈடுகட்டிவிடுவதால், அதன்மேல் இன்னொரு முறை கரெக்‌ஷன் போட்டால் இல்லாத குதிரைச் சக்தி காகிதத்தில் வந்துவிடும்.

டைனோ ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. லாக் சுத்தமாக இருக்கிறது, பூஸ்ட் வருகிறது, டைமிங் நிற்கிறது, ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே ஏறுவதால் கிளட்ச்சும் வழுக்கவில்லை. இருந்தும் வண்டி மந்தமாகத் தோன்றுகிறது என்றால், அது நிஜமா மனப்பிரமையா என்று சாலையில் தீர்க்க முடியாது. அதற்கு ரீமேப் செய்த அன்று எடுத்த டைனோ தாள் கையில் இருக்க வேண்டும். அதே டைனோவுக்கு, கிட்டத்தட்ட அதே வெயிலில், அதே பெட்ரோலோடு போய், இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தரச் சொல்லுங்கள்.