இ-கேஷ், ஃப்ளூஸ், இ-கோல்டு தோற்ற இடத்தில் பேபால் எப்படி வென்றது?

இணையத்துக்கென்று தனிப் பணம் வேண்டும் என்று 1990களில் கிளம்பியவர்களில் டேவிட் சாம் அளவுக்கு ஆழமாக யோசித்தவர்கள் குறைவு. ஆம்ஸ்டர்டாமில் அவர் நடத்திய டிஜிகேஷ் நிறுவனத்தின் இ-கேஷில், உங்கள் கணினியே ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் எண்ணை உருவாக்கி, அதை மறைத்து வங்கிக்கு அனுப்பும். வங்கி எண்ணைப் பார்க்காமலேயே கையொப்பமிட்டு, உங்கள் கணக்கில் தொகையைக் கழித்துக்கொள்ளும். கடைக்காரர் வழியாக நாணயம் திரும்பி வரும்போது கையொப்பம் தன்னுடையதுதான், ஏற்கெனவே செலவானதில்லை என்று வங்கிக்குத் தெரியும். அந்த நாணயத்தை எந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்தது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

கணிதம் அழகுதான். வாங்குபவர் பாடுதான் திண்டாட்டம். 1995இல் இதை அமெரிக்காவில் வெளியிட்ட செயின்ட் லூயிஸ் நகரத்து மார்க் ட்வைன் வங்கியில் கணக்குத் தொடங்கி, மென்பொருளை நிறுவி, பணத்தைத் தன் ஹார்டு டிஸ்குக்கு மாற்றிய பிறகு, அதை வாங்கிக்கொள்ளும் கடையைத் தேட வேண்டும். கடைக்காரரோ முதலில் வாடிக்கையாளர் வரட்டும் என்று காத்திருந்தார். 1998இல் டிஜிகேஷ் திவாலானது.

போட்டியாளரான கிரெடிட் கார்டு ஏற்கெனவே சட்டைப்பையில் இருந்தது. யாராவது திருடிப் பயன்படுத்தினாலும் அமெரிக்கச் சட்டப்படி வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. ரகசியம் காப்பதில் இ-கேஷ் பல மடங்கு மேல். ஆனால் புத்தகம் வாங்க வந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்?

1999இல் வந்த ஃப்ளூஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கும் செல்லும் டாலரைக் கொடுத்து, சில கடைகளில் மட்டும் செல்லும் ஃப்ளூஸை எதற்கு வாங்க வேண்டும்? நடிகை ஊப்பி கோல்ட்பர்க் விளம்பரத்தில் தோன்றியும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. திருட்டுக் கார்டுகளால் ஃப்ளூஸ் வாங்கிய கும்பலும் சேர்ந்துகொள்ள, 2001 ஆகஸ்டில் கடை மூடப்பட்டது.

இ-கோல்டை இந்த வரிசையில் வைப்பது சற்று அநியாயம். டக்ளஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் 1996இல் தொடங்கிய, தங்கத்தை ஈடாக வைத்த இந்தப் பணத்தை மக்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்கள். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது விற்பனையாளர்களுக்குப் பிடித்தது. மோசடிக்காரர்களுக்கு இன்னும் பிடித்தது. 2007இல் வழக்கு வந்தது, மறு ஆண்டு குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பேபால் புதுப் பணம் எதையும் அச்சிடவில்லை. டாலர் டாலராகவே இருந்தது; அதை அனுப்பவும் பெறவும் மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். முதலில் அதன் நிறுவனர்கள் நம்பியது பாம் பைலட் கையடக்கக் கருவிகளுக்கிடையே பணம் அனுப்புவதைத்தான். மின்னஞ்சல் வழி, பிறகு ஒட்டவைத்தது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் பழைய பொருட்களை விற்ற சாதாரண மக்கள். கார்டு மூலம் பணம் பெறும் வசதியில்லாத அவர்கள் காசோலைக்காக நாள்கணக்கில் தபாலை எதிர்பார்த்திருந்தவர்கள். சேர்ந்தால் 10 டாலர், இன்னொருவரைச் சேர்த்தால் 10 டாலர் என்று அள்ளிக் கொடுத்ததும் உதவியது. திருட்டுக் கார்டுக் கும்பல்கள் பேபாலையும் விடவில்லை. ஆனால் அதற்குள் விற்பவர், வாங்குபவர் இருவருமே உள்ளே வந்திருந்தார்கள். 2002இல் ஈபே அதை 150 கோடி டாலருக்கு வாங்கியது.