ஏழு ஜோடிக் கோடுகள்: இஞ்ஞாசியாரின் தனி ஆத்தும சோதனை, நெடுநாள் பயன்பாட்டில்

பாவத்துக்கு இழுப்பதும் சோதனை, உட்கார்ந்து மனதைத் துழாவிப் பார்ப்பதும் சோதனை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். முதலாவதை இரண்டாவதால் சமாளிக்கும் ஒரு பழைய முறை இருக்கிறது: ஒரே ஒரு குறையை எடுத்து, அதில் எத்தனை முறை விழுந்தோம் என்று நாளுக்கு இருமுறை எண்ணிப் பார்க்கும் 'தனி ஆத்தும சோதனை'. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் எழுதி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், இன்றைய பதிப்புகளின் 24 முதல் 31 வரையான எண்களில் அதைக் காணலாம்.

தேவையானது சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, ஒரு பேனா. பக்கத்துக்கு ஏழு ஜோடிக் கோடுகள், நாளுக்கு ஒரு ஜோடி. மேல்கோடு எழுந்தது முதல் மதியம் வரை, கீழ்க்கோடு அதன்பின் இரவுச் சாப்பாடு வரை. தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. மூல நூலின் படத்தில் ஞாயிறுக்குரிய எழுத்து பெரிதாகவும், அடுத்தடுத்த நாட்களுக்குரியவை சிறிதாகவும் இருக்கும். வாரம் போகப் போகத் தவறுகளும் அப்படிச் சிறுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் தெரிகிறது.

காலையில் எழுந்ததும், இன்று எந்த ஒன்றில் விழிப்பாயிருக்கப் போகிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், எத்தனை முறை விழுந்தோம் என்று நினைவுகூர வரம் கேட்டு, ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னோக்கிப் பார்த்துப் புள்ளி வைத்து, மிச்ச நாளுக்குத் திருந்த முடிவெடுக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மீண்டும் அதே. ஒவ்வொரு வேளைக்கும் ஐந்து நிமிடம் தாராளம். இரவில் இரு கோடுகளையும் ஒப்பிட வேண்டும். மறுநாள் நேற்றோடு இன்றை, வார முடிவில் போன வாரத்தோடு இந்த வாரத்தை.

பெரும்பாலோர் விட்டுவிடுவது மதிய வேளையை. கருவியின் உயிரே அதில்தான். இரவில் மட்டும் பார்த்தால் கிடைப்பது வருத்தம். அந்த நாளில் செய்ய ஒன்றும் மிஞ்சாது. மதியத்தில் பார்த்தால் இன்னும் அரை நாள் கையில் இருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவர்கள் கை கழுவிவிட்டு வரும் வழியில் முடித்துவிடலாம்.

இதோடு ஒரு சின்ன உத்தியும் உண்டு: விழுந்த அந்தக் கணமே நெஞ்சில் கை வைத்து வருந்துவது. கூட்டத்தில் இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று இஞ்ஞாசியாரே சொல்கிறார். கணக்கு சரியாக ஓடுகிறதா என்பதற்கும் இதுதான் அளவுகோல். பகலில் ஒரு தடவைகூடக் கை நெஞ்சுக்குப் போகாமல் கோடு வெறுமையாக இருந்தால், அது வெற்றியா மறதியா என்று சந்தேகப்படுங்கள். அநேகமாக மறதி.

எதைக் குறிப்பது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 'கோபம்' என்று எழுதினால் எண்ண முடியாது. 'பிள்ளையிடம் குரலை உயர்த்துவது' என்றால் முடியும். பெருமை என்பதை, 'அடுத்தவர் பேச்சை வெட்டி என் கதையைச் சொல்வது' என்று சுருக்கலாம். 1580-இல் இயேசு சபைத் துறவி ஹென்றீக்கஸ் அடிகளார் தமிழில் அச்சிட்ட 'கொம்பெசியோனாயரு' போன்ற பாவசங்கீர்த்தனக் (பாவ அறிக்கைக்) கையேடுகள் ஆத்துமாவை முழுதாகச் சோதிக்க உதவுபவை. இங்கே ஒரே ஒரு குறை. இரண்டைச் சேர்த்தால் இரண்டுமே கெடும்.

புள்ளி விழுகைக்கு மட்டும், நினைப்பு வந்ததற்கு அல்ல. கெட்ட நினைப்பு வந்து அதை உடனே எதிர்த்தால் அது புண்ணியக் கணக்கில் சேரும் என்று அதே நூல் அடுத்த பக்கங்களிலேயே சொல்கிறது. யாக்கோபு 1:14-15 காட்டும் வரிசையும் இதுதான்: இச்சை இழுக்கிறது, கருக்கொள்கிறது, பிறகே பாவம் பிறக்கிறது. நினைப்புக்கெல்லாம் புள்ளி வைப்பவர் ஒரே வாரத்தில் சோர்ந்துபோவார்.

முதல் வாரம் எண்ணிக்கை கூடும். நிலைமை மோசமாகவில்லை, கண் திறந்திருக்கிறது, அவ்வளவே. மூன்று நான்கு வாரங்களில் எண்ணைவிடப் பயனுள்ள ஒன்று தெரியவரும்: புள்ளிகள் எங்கே குவிகின்றன என்பது. பசி நேரம், வீடு திரும்பிய முதல் அரைமணி, படுக்கையில் போன். எதிரியான சாத்தான், கோட்டையைச் சுற்றிவந்து பலவீனமான இடத்தில் தாக்கும் படைத்தலைவன் போன்றவன் என்கிறார் இஞ்ஞாசியார். அவரே போர்க்களத்தில் அடிபட்டவர். அந்த இடம் நோட்டில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அங்கே செய்ய வேண்டியது பெரும்பாலும் சாதாரணமானது: போனைக் கூடத்தில் சார்ஜ் போடுவது, வீட்டுக்குள் நுழையுமுன் இரண்டு நிமிடம் வாசலில் நிற்பது.

ஆபாசம், குடி போன்றவற்றுக்கு இந்த நோட்டு மட்டும் போதாது. அங்கே விழுந்த எண்ணிக்கை ஆளை நசுக்கும், திருத்தாது. ஒரு படி முன்னால் இருக்கும் கதவைக் குறிப்பது நல்லது: கதவைத் தாழிட்டுக்கொண்டு போன் பார்த்தது, மதுக்கடைத் தெரு வழியாகச் சுற்றிப் போனது. கூடவே ஒரு மனிதர் வேண்டும், குடிக்கு மருத்துவரும். பாவத்துக்கு இழுக்கும் சோதனை ரகசியத்தில்தான் வளரும் என்பதும் இஞ்ஞாசியாரின் விதிகளில் ஒன்று. பங்குசாமியிடமோ பாஸ்டரிடமோ நம்பகமான நண்பரிடமோ வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைக் காட்டினால் பாதிப் பாரம் இறங்கும். முறை கத்தோலிக்க நூலிலிருந்து வந்தாலும் எந்தச் சபையாரும் பயன்படுத்தத் தடையாக அதில் ஒன்றும் இல்லை.

ஒரு சாராருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது: எதைச் செய்தாலும் பாவமோ என்று அரிக்கும் மனச்சஞ்சலம் உள்ளவர்கள். ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் அதே நோயில் தற்கொலை எண்ணம்வரை போனவர் இஞ்ஞாசியார்; அதற்கென்று தனிக் குறிப்புகளே எழுதியிருக்கிறார். அவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டு, தேர்ந்த வழிகாட்டி ஒருவரின் சொல்லைக் கேட்பதே சரி.

இன்னொரு வகைக் கேடு, புள்ளியில்லாத நாட்களைச் சேகரிப்பது. வரம் கேட்கும் வரியைத் தாண்டிவிட்டு நேராகக் கூட்டல் கழித்தலுக்குப் போகிறவர்களுக்கு அது வரும். நோட்டு நாட்குறிப்பாகிவிடும், ஜெபம் காணாமல் போகும்.

ஒரே குறையில் மூன்று மாதம் நின்றும் எண் அசையவில்லையென்றால் குறிப்பு தவறு, அதை இன்னும் சிறிதாக வெட்டுங்கள். குறைந்துவிட்டால் உடனே மாற வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள். விட்டுப்போன நாளின் கோடுகள் வெறுமையாகவே இருக்கட்டும். ஞாபகத்திலிருந்து நிரப்பும் புள்ளிகள் வாரக் கணக்கைக் கெடுக்கும்.