மொட்டை மாடிப் பெட்டிக்கு வெந்தயமா, கொத்தமல்லியா?

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நான்கு தெர்மாகோல் பெட்டிகள் இருக்கின்றன. காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் ஏற்றி, விளிம்பு உடைந்ததும் ஒதுக்கப்பட்டவை. நன்றாகக் கழுவி, அடியில் துளையிட்டு, செம்மண்ணும் தென்னை நார்த்தூளும் மக்கிய எருவும் நிரப்பினால் கீரைக்கு அதுவே போதும். அந்த இடம் வெந்தயத்துக்கா, கொத்தமல்லிக்கா என்பதில் எனக்கும் அத்தைக்கும் மூன்று வருடமாக வழக்கு.

முளைப்பதில் வெந்தயத்தை அடிக்க முடியாது. அஞ்சறைப் பெட்டியில் இருப்பதையே ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாள் தலைகாட்டும், 25 நாளில் பறிக்கலாம். பயறு இனம் என்பதால் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலிருந்து தழைச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கும். தனியா அப்படியில்லை. சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து விதைத்தாலும் பத்து நாள் காக்க வைக்கும். பொடிக்கு வறுத்து வைத்திருந்ததை விதைத்துவிட்டு மண்ணைத் திட்டியவள் நான்.

வெயிலில்தான் உண்மையான சோதனை. மாசி கடந்தால் தளத்துச் சூட்டில் கொத்தமல்லி தழைக்கும் முன்பே தண்டு நீட்டிப் பூத்துவிடுகிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மாடியேறி அதற்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மார்கழி, தையில் மட்டும் மணக்க மணக்க வளர்கிறது. வெந்தயத்துக்கு எமன் ஐப்பசி மழை. நீர் தேங்கினால் இரண்டே நாளில் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

"ரசத்துக்குத் தினமும் மல்லி வேண்டும், வெந்தயக்கீரையைத் தினமும் யார் தின்பது?" என்பது அத்தையின் வாதம். நியாயம்தான். ஆனால் மல்லி, காய் வாங்கினால் சில நாள் கொசுறாகவே வந்துவிடும். வெந்தயக்கீரை கையோடு பறித்தால்தான் இளசு. சவுகார்பேட்டையில் குஜராத்திக் குடும்பங்கள் அதை மாவில் பிசைந்து தேப்லா சுடுவார்கள், நாங்கள் பருப்போடு கடைகிறோம். கசப்பென்று கீரையை ஒதுக்கும் என் மகன், மீன் குழம்புத் தாளிப்பில் பொரிந்த வெந்தயத்தை மட்டும் மறுப்பதில்லை.

மருந்தென்று பார்த்தால், வெந்தயத்தின் கரையும் நார்ச்சத்து உணவின் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். அதனாலேயே சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் ஊறவைத்து விழுங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கக் கூடாது. தனியாவுக்குச் சுக்குமல்லிக் காபி இருக்கிறது. மந்தமான வயிற்றுக்கு இதம், அவ்வளவுதான்.

இப்போதைக்கு மூன்று பெட்டி வெந்தயம், ஒன்று அத்தையுடையது. மார்கழி பிறந்ததும் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.