குழுக் காப்பீடா, மாதப் படியா?

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட நிறுவனம். ஊழியர் நலனுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கியாயிற்று. அதைக் குழு மருத்துவக் காப்பீட்டில் போடலாமா, மாதாமாதம் நலப்படியாகக் கொடுக்கலாமா?

படி கொடுப்பது சுலபம். யோகா வகுப்போ, நல்ல நாற்காலியோ, அவரவர் விருப்பம். ஆனால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பெரும்பாலும் மளிகைக் கடையில் கரைந்தும் போகும். (அதில் தப்பில்லை, ஆனால் நோக்கம் அதுவல்லவே.)

காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டும் பிரீமியம் ஊழியரின் வருமானமாகக் கணக்காகாது. பல குழு பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தனி பாலிசியில் அதற்குப் பொதுவாகக் காத்திருக்க வேண்டும். குறைகளும் உண்டு: வேலையை விட்டால் காப்பீடும் போய்விடும். ஒருவர் தென்காசியில், இன்னொருவர் ஓசூரில் இருப்பார். அந்தந்த ஊரில் கேஷ்லெஸ் (கையிலிருந்து பணம் கட்டாமல் காப்பீட்டிலேயே சிகிச்சை பெறும்) மருத்துவமனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

என் ஓட்டு காப்பீட்டுக்கே. படி இல்லாவிட்டாலும், மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணில் அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இலவசமாகவே கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். அப்புறம், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, சிலருடைய சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் முதலில் இஎஸ்ஐ (ஊழியர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம்) விதிகளைப் பாருங்கள்.