ஆக்டோபஸ் தொட்டிக்கு எப்படிப்பட்ட மூடி வேண்டும்: குட்டியிலிருந்து முதுமை வரை வளர்த்த அனுபவம்

கலிபோர்னியா இருபுள்ளி ஆக்டோபஸ் ஒன்றைக் குட்டியிலிருந்து அதன் கடைசி வாரங்கள் வரை வீட்டுத் தொட்டியில் வளர்த்தேன். கண்களுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக நீல வளையப் புள்ளி இருக்கும் இனம் அது. உணவு, உப்பின் அளவு, வெப்பநிலை பற்றியெல்லாம் விவரங்கள் எளிதாகவே கிடைக்கின்றன. அது வெளியே வராமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ராத்திரியில் தரையில் விழுந்துவிட்டால் காலைக்குள் செவுள் காய்ந்து செத்துப்போய்விடும். ஆக்டோபஸ் வளர்க்கிறவருக்கு அதைவிடக் கொடுமையான காலைப்பொழுது இருக்க முடியாது.

ஆக்டோபஸுக்கு எலும்பே கிடையாது. கிளி மூக்கு மாதிரியான அதன் அலகுதான் உடம்பிலேயே கெட்டியான பாகம். அலகு நுழைகிற இடைவெளியில் மெதுவாக மொத்த உடம்பும் நுழைந்துவிடும். குட்டியாக இருக்கும்போது ஒரு பென்சில் போகிற சந்துகூட அதற்கு வாசல்தான். அதனால் தொட்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சந்திலும் பென்சிலை விட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

மூடிக்கு 10 மில்லிமீட்டர் அக்ரிலிக் போட்டேன், பின்பக்கம் கீல், முன்பக்கம் கொக்கிகள். மெல்லிய அக்ரிலிக் வேண்டாம். அடிப்பக்கம் எப்போதும் ஈரத்திலும் மேல்பக்கம் காய்ந்தும் இருப்பதால் மாதங்கள் போகப் போக வளைந்து மூலைகள் மேலே தூக்கிக்கொள்ளும். நடுவில் ஒரே ஒரு கொக்கி இருந்தால் அந்த மூலைகளை எதுவும் பிடித்து வைக்காது, அதனால் இரண்டு ஓரத்திலும் கொக்கி அவசியம். மூடி மேல் கல்லை வைத்துப் பாரம் ஏற்றுவதை நான் நம்புவதில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கீழிருந்து தள்ளும்போது அது காட்டுகிற பலம் அசாத்தியம்.

மூடியைவிட எனக்கு அதிக வேலை வைத்தவை வயர்களும் குழாய்களும்தான். விளக்கை அணைத்துவிட்டு மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் புரியும். ஆக்டோபஸின் கை நுனி நூல் மாதிரி மெலிந்து, மூடியின் விளிம்பைத் தடவிக்கொண்டே வரும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) குழாய் நுழையும் இடத்தில் நின்று, சின்னச் சின்ன உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக ஒட்டி விடுபட்டு, குழாயைச் சுற்றி முழு வட்டம் போடும். அதன் நரம்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. அந்த நுனி தொடுவதோடு சுவையும் பார்க்கும். சந்தில் ஸ்பாஞ்சை அடைத்து வைப்பது பலருடைய யோசனை, ஆனால் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டுவிடும். துளையைக் குழாயின் அளவுக்கே போட்டு, திருகி இறுக்கும் இணைப்பைப் பொருத்துவதே சரி. தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பல் இடுக்குகளுக்கும் பிளாஸ்டிக் வலை கட்டுங்கள், அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் கீழ்த் தொட்டியான சம்ப்புக்கும் மூடி போடுங்கள். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாயையும் வலையால் மூட வேண்டும், இல்லையென்றால் ஆக்டோபஸின் கை உள்ளே போய்க் காயமாகும். தண்ணீர் வால்வு எதுவும் அதன் கைக்கு எட்டக் கூடாது. 2009-இல் சாண்டா மோனிகா கடற்பாலத்து மீன் காட்சியகத்தில் இதே இனத்து ஆக்டோபஸ் ஒன்று வால்வைப் பிரித்துவிட, தரையெல்லாம் வெள்ளமாகிப்போனது.

இவ்வளவும் செய்தாலும் மூடியைப் பூட்ட வேண்டியது மனிதர்தானே. 2016-இல் நியூசிலாந்தின் நேப்பியர் காட்சியகத்திலிருந்து இங்க்கி என்ற ஆக்டோபஸ் தப்பித்து, வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. மூடி லேசாகத் திறந்திருந்ததுதான் காரணம். அதனால் ஒரு கையால் திறந்து ஒரு கையால் மூட முடிகிற கொக்கியே சிறந்த கொக்கி என்பது என் உறுதியான கருத்து. இரை கொடுக்கும்போது இன்னொரு கை அதன் பிடியில் இருக்கும்! நண்டை வாங்கிக்கொண்ட பிறகும் மணிக்கட்டை விடாது. வெடுக்கென்று இழுக்காமல், நுனியிலிருந்து உறிஞ்சிகளை மெதுவாக உரித்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் 'பொட், பொட்' என்று விடுபடும். இதற்காகவே பெரிய மூடியில் கை மட்டும் நுழையும் சின்னக் கதவு ஒன்று வைத்தேன். தினசரி இரையெல்லாம் அது வழியாகத்தான், பெரிய மூடி சுத்தம் செய்யும் நாளில் மட்டும் திறக்கும். இத்தனை காலத்தில் எனக்கு மிகவும் உதவிய ஏற்பாடு இதுதான்.

விளிம்பின் உள்பக்கம் செயற்கைப் புல் ஒட்டினால் உறிஞ்சிகளுக்குப் பிடிப்பு கிடைக்காது என்பது உண்மை. உப்பும் பாசியும் சேருவதால் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும், துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அது ஏன் வெளியே போக நினைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பசி, ஆக்ஸிஜன் குறைவு, ஒளிய இடமின்மை, தண்ணீரில் அம்மோனியா எல்லாமே அதை மேலே ஏற வைக்கும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெற்று நன்றாகப் பழகிய தொட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், உள்ளே புகுந்துகொள்ள ஒரு பொந்து, உயிருள்ள நண்டு, திறந்து பார்க்க ஒரு திருகுமூடி ஜாடி இவை இருந்தால் விளிம்புப் பக்கம் வருவது கண்கூடாகக் குறையும். செம்பு கலந்த மருந்து எதையும் தொட்டியில் விடவே கூடாது, ஆக்டோபஸுக்கு அது விஷம். மை கக்கிவிட்டால் உடனே தண்ணீர் மாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பனும் போடுங்கள்.

இந்த இனத்தின் ஆயுள் ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான். முதுமையில் இரையைத் தொடாது, தோலில் வெள்ளைப் புண்கள் வரும், பகல் என்றும் பாராமல் இலக்கில்லாமல் சுற்றும். என்னுடையது அந்த நாட்களில்தான் விளிம்பை அதிகம் தேடியது. தளர்ந்துவிட்டதே என்று யாரும் கொக்கியைத் தளர்த்திவிட வேண்டாம், காலை மாலை இரண்டு வேளையும் சரிபாருங்கள்.

அதே தொட்டியை இன்னொரு குட்டிக்காகத் தயார் செய்கிறேன். மூடியும் சின்னக் கதவும் அப்படியே இருக்கும். சில்லர் குழாய்களை மட்டும் மேலே கொண்டுவராமல் சம்ப்பிலேயே இணைக்கப் போகிறேன். மூடியில் இரண்டு துளை குறையும்.